மஞ்சள் இலை, காய்ந்த நுனி, தொங்கும் தண்டு: வீட்டுக்குள் வளரும் இலைச்செடிக்கு என்ன கோளாறு?

மணி பிளாண்ட், சிங்கோனியம், ஃபிலோடென்ட்ரான், மான்ஸ்டெரா, அக்லோனிமா, டீஃபன்பேக்கியா, ஸீஸீ, பீஸ் லில்லி. பெயரெல்லாம் வெளியூர்ப் பெயர். ஆனால் இவை அத்தனையும் நம் சேனைக்கும் சேம்புக்கும் பங்காளிகள். எல்லாம் ஒரே குடும்பம். மணி பிளாண்டின் சொந்த ஊர் பசிபிக் கடலில் இருக்கும் மூரேயா தீவு. மான்ஸ்டெரா தெற்கு மெக்சிகோவிலிருந்து பனாமா வரை உள்ள காடுகளில் வளர்வது. இவற்றில் கொடியாகப் போகிறவை காட்டில் மரத்தைப் பற்றி ஏறும். வேர் மட்கிய இலைக்குள்ளும் மரப்பட்டை இடுக்கிலும் ஓடும். மழை நனைக்கும், நின்றதும் வடிந்துவிடும், வேரைச் சுற்றி எப்போதும் காற்று இருக்கும். வீட்டுக்குள் இந்தச் செடிகளுக்கு வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை அந்தக் காற்று கிடைக்காததால் வருபவை. பன்னிரண்டு வருடமாகச் சென்னையில் ஒரு இரண்டாம் மாடி வீட்டில் நாற்பது தொட்டிகளோடு குடும்பம் நடத்துகிறேன். இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

இலையைப் பார்த்ததும் உரம் போடவோ மருந்து அடிக்கவோ போகாதீர்கள். முதலில் மண்ணைப் பாருங்கள். விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, தொட்டியின் அடிவரை செருகி, பத்து நிமிடம் விட்டு எடுங்கள். குச்சி எந்த உயரம் வரை நனைந்திருக்கிறது, எங்கே மண் ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். மேல்மண் வெளிறிக் காய்ந்து கிடக்கும், அடியில் சேறாக இருக்கும். கோகோ பீட் (தேங்காய் நார்த்தூள்) கலவையில் இது சர்வசாதாரணம். அப்புறம் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் ஊற்றிய அன்றைக்கு என்ன கனம், காய்ந்த பிறகு என்ன கனம் என்பது ஒரு மாதத்தில் கைக்குப் பழகிவிடும்.

இலை மஞ்சளாகிறது

என்னிடம் அதிகம் பேர் கேட்பது இதைத்தான். கேள்வி ஒன்று, பதில் ஐந்தாறு. எந்த இலை, எத்தனை இலை, எப்படி மஞ்சள் என்பதைப் பொறுத்தது.

அடியில் இருக்கும் ஒரே ஒரு இலை மெல்ல மஞ்சளாகி உதிர்ந்தால் அது வயதான இலை. மேலே புதுசு வந்துகொண்டிருக்கும்வரை கவலை வேண்டாம். முழுதாக மஞ்சளான பிறகு பறியுங்கள். அதற்குள் செடி அதிலிருக்கும் சத்தை வேண்டிய அளவு திரும்ப எடுத்துக்கொள்ளும்.

ஒரே வாரத்தில் மூன்று நான்கு இலை மஞ்சளாகி, தொட்டால் துவண்டு, ஈர்க்குச்சி அடிவரை ஈரமாக வந்தால் தண்ணீர் அதிகம். ஊற்றுவதை நிறுத்துங்கள். தட்டில் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, தொட்டியை வெளிச்சமும் காற்றும் வரும் இடத்துக்கு மாற்றுங்கள். ஐந்தாறு நாளில் மண் காயத் தொடங்காவிட்டால் அடுத்த பகுதியில் சொல்லியிருப்பதுபோல் வேரைப் பார்த்தே ஆகவேண்டும்.

இலை மஞ்சளாகி ஓரம் மொறுமொறுவென்று இருந்து, தொட்டியும் லேசாக இருந்தால் அது தாகம். இதில் ஒரு சிக்கல் உண்டு. முழுக்கக் காய்ந்த கோகோ பீட் கலவை தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சாது. ஊற்றுவது தொட்டியின் ஓரமாக ஓடி அடித்துளை வழியே வெளியே வந்துவிடும். தினமும் ஊற்றுகிறீர்கள், செடியோ வாடியே கிடக்கும். வாளியில் தொட்டியின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் எடுத்து, அதில் தொட்டியை அரை மணி நேரம் உட்கார வையுங்கள். கீழிருந்து ஊறும். எடுத்து நன்றாக வடியவிட்டு இடத்தில் வைக்கலாம்.

நரம்பு மட்டும் பச்சையாக நின்று இடையில் மஞ்சளாவது வேறு விஷயம். புது இலையில் வந்தால் இரும்புச்சத்து கிடைக்கவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் மண்ணில் இரும்பு இருக்கும்; நம் ஊர் உப்புத்தண்ணீர் மண்ணைக் காரமாக்கிவிடுவதால் வேரால் எடுக்க முடியாது. நீரைச் சரிசெய்யாமல் இரும்பு மட்டும் கொடுப்பதில் பலன் குறைவு. பழைய இலைகளில் அதேபோல் வந்தால் மக்னீசியம் குறைவு. ஒரு லிட்டர் தண்ணீரில் அரை டீஸ்பூன் எப்சம் உப்பு கரைத்து மாதம் ஒருமுறை ஊற்றலாம்.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: மஞ்சளான இலை திரும்பப் பச்சையாகாது. செய்த வைத்தியம் பலித்ததா என்பதை அடுத்து விரியும் இலைதான் சொல்லும். அதற்கு மூன்று நான்கு வாரம் ஆகும். அந்த அவகாசம் கொடுக்காமல் வாரம் ஒரு மாற்றம் செய்தால் எது உதவியது, எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியாது.

மண் ஈரமாக இருக்கிறது, ஆனாலும் செடி வாடித் தொங்குகிறது

இது அவசரம். அன்றைக்கே தொட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நர்சரியில் சிவப்பு அக்லோனிமா வாங்கினேன். "ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணி விடுங்கம்மா" என்று சொல்லி அனுப்பினார்கள். அப்படியே செய்தேன். மூன்றாவது வாரம் இலைகள் ஈரத்துணி மாதிரி தொங்கின. தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். பிடுங்கிப் பார்த்த அன்று குட்டைச் சேற்று நாற்றம் அடித்தது. மேலே நான் போட்ட கலவை நன்றாகவே இருந்தது. நடுவில் கைப்பிடி அளவு களிமண் உருண்டை. ஒரு வேரை விரலால் பிடித்து இழுத்தேன். வேகவைத்த மொச்சையின் தோல் கழன்று வருவதுபோல் மேல்தோல் கையோடு வந்துவிட்டது. நூல் போல ஒரு நரம்பு மட்டும் மிச்சம். வேரழுகலுக்கு அதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. நல்ல வேர் வெள்ளையாகவோ இளம்பழுப்பாகவோ இருக்கும், இழுத்தால் விறைப்பாக எதிர்க்கும்.

வெளியூர்களிலிருந்து லாரியில் வரும் செடிகளைப் பயணத்தில் காயாமல் இருக்கக் களிமண்ணில் கட்டி அனுப்புவது வழக்கம். பயணத்துக்கு அது சரி. வீட்டுக்குள் வெயிலும் காற்றும் இல்லாத மூலையில் அந்த உருண்டை வாரக்கணக்கில் காயாது. புதுச்செடி வந்து பத்து நாள் ஆனதும், புது இடம் பழகிய பிறகு, உருண்டையை வாளித் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாகக் கரைத்துவிடுங்கள்.

அழுகிய செடிக்குச் செய்யவேண்டியது: மண்ணை முழுக்கக் கழுவுங்கள். பிளேடையோ கத்தரியையோ ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு, கொழகொழத்த வேரை எல்லாம் நல்ல சதை தெரியும்வரை வெட்டுங்கள். தயங்கி மிச்சம் வைத்தால் அங்கிருந்து மறுபடி தொடங்கும். வெட்டுவாய் உலர நிழலில் ஒரு மணி நேரம் வையுங்கள். மிஞ்சிய வேருக்குத் தகுந்த சின்னத் தொட்டியாக எடுங்கள். பெரிய தொட்டியில் வேர் குடிக்க முடியாத தண்ணீர் தேங்கும். என் கலவை: அலசிய கோகோ பீட் 2 பங்கு, பெர்லைட் (பொரி போன்ற லேசான வெள்ளைக் கல்) அல்லது கருக்கிய நெல் உமி 1 பங்கு, சுண்டைக்காய் அளவுக் கரித்துண்டு 1 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு. கோகோ பீட்டில் உப்பு இருக்கும் என்பதால் இரண்டு தடவையாவது ஊறவைத்துப் பிழிந்து எடுப்பேன். ஒருமுறை அளவாக நனைத்து, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். புது இலை வரும்வரை உரம் கூடாது.

வேரே மிஞ்சவில்லையா? தண்டு கெட்டியாக இருந்தால் நம்பிக்கை உண்டு. மணி பிளாண்ட், சிங்கோனியம், ஃபிலோடென்ட்ரான் எல்லாவற்றிலும் கணுவோடு சேர்த்து வெட்டி, கணு தண்ணீருக்குள்ளும் இலை வெளியிலும் இருக்கும்படி வைத்தால் நம் ஊர்ச் சூட்டில் இரண்டு மூன்று வாரத்தில் வேர் வரும். மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். கணு இல்லாமல் காம்போடு பறித்த மணி பிளாண்ட் இலை மாதக்கணக்கில் பச்சையாக நிற்கலாம், கொடியாக மாறாது.

தொட்டி அடியில் ஜல்லி பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்று நம்மில் பலரும் நம்புகிறோம். உண்மையில் தண்ணீர் பொடிமண்ணிலிருந்து ஜல்லிக்குச் சட்டென்று இறங்காது. மண்ணின் அடிப்பகுதி நிறைந்து வழியும்போதுதான் இறங்கும். ஆக சேற்றுப்பகுதி வேருக்கு இன்னும் பக்கத்தில் வருகிறது. துளைமேல் ஒரு ஓட்டாஞ்சில்லு போதும், மண் ஒழுகாமல் இருக்க.

இலை நுனி பழுப்பாகிக் காய்கிறது

கலேத்தியா, டிரசீனா, பீஸ் லில்லி மூன்றும் இதில் முதலில் மாட்டும். (கலேத்தியாவும் டிரசீனாவும் சேம்புக் குடும்பம் இல்லை. கலேத்தியா ஆரோரூட் மாவு தரும் செடியின் உறவு.) காரணம் பெரும்பாலும் தண்ணீர். எங்கள் அடுக்ககத்து போர் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை (கரைந்திருக்கும் உப்பை அளப்பது) விட்டுப் பார்த்தபோது 1,100 காட்டியது. குடிநீருக்கு இந்தியத் தரநிர்ணயம் ஏற்கத்தக்கது என்று சொல்லும் அளவு 500. செடி தண்ணீரை ஆவியாக்கும். உப்பு இலை நுனியில் தங்கும். தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொருக்குப் படிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

முதல் வேலை, தொட்டியைக் குளியலறைக்குக் கொண்டுபோய், தொட்டியின் கொள்ளளவைப்போல் மூன்று நான்கு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிடுவது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை செய்யலாம். அடுத்தது தண்ணீரை மாற்றுவது. ஐப்பசி, கார்த்திகையில் பிடித்து வைக்கும் மழைத்தண்ணீருக்கு இணை கிடையாது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. என் கலேத்தியாக்கள் கோடை முழுக்க அதைத்தான் குடிக்கின்றன. ஆனால் ஆர்.ஓ. இயந்திரம் கழித்து வெளியேற்றும் தண்ணீரை இந்தச் செடிகளுக்கு ஊற்றாதீர்கள். வீணாகிறதே என்று மனசு கேட்காதுதான். வடிகட்டி எடுத்த உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது. தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரை ராத்திரி முழுக்கத் திறந்து வைத்தால் குளோரின் போகும், உப்பு போகாது.

தண்ணீர் சரியாக இருந்தும் காய்ந்தால் ஏசி காற்று நேராகப் படுகிறதா என்று பாருங்கள். இலைமேல் தண்ணீர் தெளிப்பது சில நிமிடத்துக்கு மேல் நிற்காது. நான்கைந்து செடிகளை நெருக்கி வைத்தால் ஒன்றின் ஈரம் மற்றதற்குக் கொஞ்சம் உதவும். காய்ந்த நுனியைக் கத்தரிக்கும்போது மயிரிழை அளவு பழுப்பை விட்டு வெட்டுங்கள். பச்சையில் வெட்டினால் வெட்டிய இடமே மறுபடி காயும்.

இலை நடுவில் வெளிறிய, காகிதம் போன்ற திட்டு

வெயில் பட்ட பக்கம் மட்டும் இருந்தால் அது வெயில் சுட்ட தழும்பு. வடக்குப் பார்த்த ஜன்னலில் நேர் வெயிலே விழாது என்று வெளிநாட்டுத் தோட்டக் குறிப்புகள் சொல்லும். அவர்கள் ஊருக்கு அது சரி. சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒருநாள், ஆகஸ்ட் நடுவில் ஒருநாள் உச்சியில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வரும். பள்ளிப் பிள்ளைகள் நிழலில்லா நாள் என்று கம்பு நட்டுப் பார்ப்பார்களே, அதுதான். அந்த இரண்டு நாளுக்கும் இடையே நடுப்பகலிலும் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அக்னி நட்சத்திரத்தில் வடக்கு ஜன்னலில் காலையும் மாலையும் சாய்வாக வெயில் விழும். மார்கழியில் தெற்கு ஜன்னலில் வெயில் வீட்டுக்குள் வெகுதூரம் நீளும். அதனால் ஒரே இடத்தில் வருடம் முழுக்க வைத்த செடி திடீரென்று சுட்டுக்கொள்ளும். சித்திரை பிறந்ததும் ஒரு அடி உள்ளே தள்ளுங்கள், அல்லது வெள்ளை மெல்லிய திரை போடுங்கள்.

திட்டு ஈரமாக, கருத்து, சுற்றிலும் மஞ்சள் வளையத்தோடு பரவினால் அது நோய். அந்த இலையை வெட்டிக் குப்பையில் போட்டு, கத்தரியைத் துடைத்து, சில வாரம் இலை நனையாமல் மண்ணுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள்.

கொடி நீளுகிறது, இலை சிறுத்துக்கொண்டே போகிறது

வெளிச்சம் போதவில்லை. நம் கண் இருட்டுக்குப் பழகிவிடுவதால் வீட்டு மூலை நமக்கு வெளிச்சமாகத் தெரியும். போனில் லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) அளக்கும் செயலியைப் போட்டுப் பாருங்கள். என் வீட்டில் காலை பத்து மணிக்கு ஜன்னலோரம் 4,000 லக்ஸ். ஏழடி தள்ளி சோபா மூலையில் 150. ஒரே அறைதான். வெள்ளைத் தீற்றல் உள்ள வகைகளும் இருட்டில் பச்சையாகவே திரும்பும். அப்படி முழுப் பச்சையாகப் போன கொடியை, கடைசியாகத் தீற்றல் இருந்த கணுவுக்கு மேலே வெட்டிவிடுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. தொங்கவிட்ட மணி பிளாண்ட் எப்போதுமே சின்ன இலைதான் விடும். எங்கள் தெருமுனை மாமரத்தில் யாரோ எப்போதோ நட்ட கொடி ஏறியிருக்கிறது. அடியில் உள்ளங்கை அளவு இலை; மேலே போகப்போக முறம் அளவு, ஓரம் கிழிந்து மான்ஸ்டெரா மாதிரியே இருக்கும். அதே செடிதான். பற்றி ஏற ஒரு தேங்காய் நார்க் கம்பம் கொடுத்து, கம்பத்தை ஈரமாக வைத்திருங்கள். மான்ஸ்டெராவில் ஓட்டை விழவில்லை என்பவர்களுக்கும் இதேதான்: இளஞ்செடியாக இருந்தால் பொறுமை, வளர்ந்த செடியாக இருந்தால் வெளிச்சமும் கம்பமும்.

பஞ்சு, நூலாம்படை, சின்னக் கறுப்பு ஈ

இலைக்காம்பின் இடுக்கில் வெள்ளைப் பஞ்சு இருந்தால் மாவுப்பூச்சி. செடியில் எறும்பு வரிசை தெரிந்தாலே தேடுங்கள். இந்தப் பூச்சி கழிக்கும் இனிப்புக்காகத்தான் எறும்பு வருகிறது. செடியை மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். காது குடையும் பஞ்சுக்குச்சியை 70 சதவீத ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டு எடுங்கள். அப்புறம் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டுத் திரவ சோப்பு கலந்து, வெயில் இறங்கிய பிறகு இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளியுங்கள். முதலில் ஒரு இலையில் அடித்து ஒருநாள் பாருங்கள். வாரம் ஒருமுறை, நான்கு வாரம். ஒருமுறையோடு விட்டால் முட்டையிலிருந்து வருவது மறுபடி பிடிக்கும்.

இலை மங்கி, ஊசியால் குத்தியதுபோல் புள்ளி விழுந்து, காம்பருகே மெல்லிய நூலாம்படை தெரிந்தால் செஞ்சிலந்தி. வெள்ளைத்தாள் ஒன்றை அடியில் பிடித்து இலையைத் தட்டுங்கள். மிளகாய்த்தூள் துகள் மாதிரி விழுந்தது நகர்ந்தால் அதேதான். காய்ந்த காற்று அதற்குப் பிடிக்கும், தண்ணீர் பிடிக்காது. மூன்று நாளைக்கு ஒருமுறை ஷவரில் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். மேலே சொன்ன வேப்பெண்ணெயும் கேட்கும்.

தொட்டியைத் தொட்டதும் பறக்கும் சின்ன ஈ செடியைவிட நம்மைத்தான் அதிகம் படுத்தும். எப்போதும் ஈரமாக இருக்கும் மேல்மண்ணில் முட்டையிடுகிறது. மேலே இரண்டு அங்குலம் காயவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள்; பறப்பவைக்கு மஞ்சள் ஒட்டும் அட்டை. அரிசி கழுவிய தண்ணீர், டீத்தூள், மோர் எல்லாம் மொட்டைமாடித் தோட்டத்துக்குக் கொண்டுபோங்கள். வீட்டுக்குள் இருக்கும் தொட்டியில் ஊற்றினால் நாற்றமும் இந்த ஈயும்தான் மிச்சம்.

கோளாறு மாதிரி தெரியும், கோளாறு இல்லை

விடியற்காலையில் இலை நுனியில் தண்ணீர் முத்து நிற்பது வேர் உறிஞ்சிய உபரி நீர். கலேத்தியா ராத்திரியில் இலையை நிமிர்த்திக் கூப்புவதும் காலையில் விரிப்பதும் அதன் இயல்பு. மான்ஸ்டெராவின் தண்டிலிருந்து கயிறு போல் தொங்குவது காற்று வேர். வெட்டாமல் கம்பத்துக்கோ மண்ணுக்கோ திருப்பிவிடுங்கள்.

குழந்தை இலையைக் கடித்துவிட்டது

சேனை சரியாக வேகாவிட்டால் நாக்கு அரிக்குமே, அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இந்தக் குடும்பத்துச் செடிகளில் இருக்கின்றன. டீஃபன்பேக்கியாவில் மிக மோசம். வாயில் மிச்சம் இருப்பதை எடுத்துவிட்டு, குளிர்ந்த தண்ணீரால் வாயைக் கழுவி, கொஞ்சம் குளிர்ந்த பால் கொடுங்கள். நாக்கோ தொண்டையோ வீங்கினால், மூச்சு விடச் சிரமப்பட்டால், விழுங்க முடியாவிட்டால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சாறு கண்ணில் பட்டால் ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். பூனைக்கும் நாய்க்கும் இதே தொல்லை உண்டு. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் டீஃபன்பேக்கியா வேண்டாம் என்பது என் முடிவு. என் தங்கை வீட்டுக்கு ஒன்று கொடுத்திருந்தேன், பிள்ளை பிறந்ததும் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

எந்தக் கோளாறும் தெரியவில்லை, ஆனால் மாதக்கணக்கில் ஒரு இலைகூட வரவில்லை

தை, மாசியில் சற்று மந்தமாக இருப்பது இயல்பு. பங்குனி தாண்டியும் அசையாவிட்டால் தொட்டியைத் திருப்பி அடித்துளையைப் பாருங்கள். வேர் வெளியே எட்டிப் பார்த்தால், அல்லது ஊற்றிய தண்ணீர் நிற்காமல் ஓடினால், இடம் போதவில்லை. இரண்டு அங்குலம் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள், அதற்கு மேல் பெரிதாக வேண்டாம். வேருக்கு இடம் இருந்தால் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள) நீரில் கரையும் உரத்தை லிட்டருக்கு ஒரு கிராம் கரைத்து, மாதம் இருமுறை, மண் ஈரமாக இருக்கும்போது மட்டும் கொடுங்கள். ஸீஸீ மட்டும் இதற்கெல்லாம் அசையாது. மண்ணுக்கடியில் உருளைக்கிழங்கு போன்ற கிழங்கில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஆறு மாதம் சும்மா நிற்கும். அப்புறம் ஒரு வாரத்தில் மூன்று முளை விடும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர், மற்றபடி அதைத் தொடாதீர்கள்.